மேகசின் என்னும் சிறு பெட்டி: அருவங்காடு முதல் தாபோர் வரை

'மேகசின்' என்ற சொல்லைக் கேட்டதும் இலக்கிய ஆர்வலர்களாகிய நமக்கு நினைவில் எழுவது ஓர் இதழ்தான். ஆனால் இச்சொல்லின் வேர் அரபு மொழியிலுள்ள 'மக்ஸன்'. அதன் பொருள் கிடங்கு. ஐரோப்பிய மொழிகளின் வழியே ஆங்கிலத்துக்குள் நுழைந்த அச்சொல் நெடுங்காலம் வெடிமருந்துக் கிடங்கையே குறித்து வந்தது. 1857 மே 11 அன்று தில்லியில் ஆங்கிலேயர் தம் கையாலேயே தகர்த்தெறிந்த கட்டடம் அத்தகைய மேகசின்களில் ஒன்று. 1731-இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் பலவகைச் செய்திகளையும் கட்டுரைகளையும் ஒருங்கே சேமித்துத் தரும் இதழொன்றைத் தொடங்கி, அதற்குக் கிடங்கு என்ற பொருளிலேயே 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' என்று பெயர் சூட்டினார். பருவ இதழ்களுக்கு இப்பெயர் வந்த கதை அதுவே. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் இதே சொல் இன்னும் சுருங்கி, துப்பாக்கியில் செருகப்படும் ஒரு தகரப் பெட்டிக்கும் பெயராயிற்று. நம் பொருள் இந்த மூன்றாவது மேகசின்தான்.

நீலகிரியின் வரலாற்றை எழுதுவோர் ஜான் சல்லிவன், கல்பங்களா, தேயிலை, மலை ரயில், தோடர், படகர் என்ற வரிசையை எளிதில் விட்டு விலகுவதில்லை. துப்பாக்கியின் பக்கம் திரும்பிப் பார்ப்பவர் குறைவு. இத்தனைக்கும் குன்னூரிலிருந்து உதகைக்கு மலை ரயிலில் செல்பவர், முதல் அரைமணி நேரத்துக்குள்ளாகவே இந்தியத் துப்பாக்கியின் வரலாற்றை இரண்டு நிலையங்களில் கடந்துவிடுகிறார். ஒன்று, ஜெகதளா என்ற பழம்பெயரை இழந்து வெலிங்டன் ஆன பாளையம். சென்னைப் படைப்பிரிவின் பயிற்சி மையமும், பிரிவினைக்குப் பின் குவெட்டாவிலிருந்து இடம்பெயர்ந்த படை அலுவலர் கல்லூரியும் அங்குதான் உள்ளன. மற்றொன்று அருவங்காடு.

இந்திய அரசு 2002-இல் ஒரு புதுவகைத் துப்பாக்கியை வாங்க முடிவு செய்தது. ஆங்கிலத்தில் 'புல்பப்' என்று வழங்கும் வகை அது. அதற்கு நல்லதொரு தமிழ்ப் பெயர் இன்னும் அமையாததால் நாமும் புல்பப் என்றே குறிப்பிடுவோம். வழக்கமான துப்பாக்கியில் மேகசின் விசைக்கு முன்னால் இருக்கும். விசைக்குப் பின்னால் இருப்பது தோளில் பதிக்கும் வெறும் கட்டை. புல்பப்பில் அந்தக் கட்டையே வெறுமையாக விடப்படாமல், தோட்டா வெடிக்கும் அறையும் மேகசினும் அதற்குள் இடம்பெறுகின்றன. குழலின் நீளம் குறையாமலேயே துப்பாக்கியின் மொத்த நீளம் குறைந்துவிடுகிறது. இந்தியத் தயாரிப்பான இன்சாஸ் துப்பாக்கியின் நீளம் 960 மில்லிமீட்டர், குழல் 464 மில்லிமீட்டர். இஸ்ரேலியத் தயாரிப்பான டாவோரின் குழல் 460 மில்லிமீட்டர். மொத்த நீளமோ 720 மில்லிமீட்டர்தான். குழலில் நான்கு மில்லிமீட்டரும் மொத்தத்தில் இருபத்து நான்கு சென்டிமீட்டரும் வேறுபாடு. ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்குபவனுக்கும், படகில் குறுகி அமர்ந்திருப்பவனுக்கும், சோலைக்காட்டின் கொடிகளுக்கிடையே நுழைபவனுக்கும் அந்த ஒரு சாண் பெரிது.

துப்பாக்கி வாங்கும் வரலாறு, துப்பாக்கியைப் பற்றியதாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதனோடு சேர்ந்து வரும் இரண்டு மலிவான பொருள்களை அது மறந்துவிடுகிறது. ஒன்று தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து, மற்றொன்று மேகசின். போர்க்களத்தில் துப்பாக்கி ஏமாற்றிய கதைகளைத் தேடிப் படிக்கும்போதெல்லாம் நாம் மீண்டும் மீண்டும் சந்தித்தவை இவ்விரண்டையுமே.

மருந்திலிருந்து தொடங்குவோம். நோய் தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் மருந்து என்று ஒரே சொல்லை வைத்த மொழி நம்முடையது. 1889-இல் இங்கிலாந்தில் பிரடெரிக் ஏபெல், ஜேம்ஸ் டூவர் ஆகிய இருவரும் கார்டைட் என்ற புகையற்ற மருந்துக்குக் காப்புரிமை பெற்றனர். பிழிந்தெடுக்கும்போது கயிறு போன்ற இழைகளாக வந்ததால் அப்பெயர். நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் அசிட்டோனில் குழைத்து, சிறிதளவு வாசலின் சேர்த்து, இடியாப்பம் பிழிவதைப் போல அச்சில் பிழிந்து உலர்த்துவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்த திருத்திய வகையில் வெடிபஞ்சு 65 பங்கு, நைட்ரோகிளிசரின் 30 பங்கு, வாசலின் 5 பங்கு. இத்தனை மென்மையான பெயர்களுக்குப் பின்னால் இருப்பது கடும் ஆபத்தான வேலை. நைட்ரோகிளிசரின் உருவாகும்போது வெப்பம் கிளம்புகிறது; அதைக் குளிர்நீரால் இடைவிடாது தணிக்காவிட்டால் கலனே வெடிக்கும். சமவெளியின் கோடையில் அவ்வேலை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1903-1904 ஆண்டுகளில் அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை எழுந்தது. குளிர்ந்த காற்று, வற்றாத ஓடைகள், ஊர்களிலிருந்து ஒதுங்கிய பள்ளத்தாக்கு, 1899-இல் குன்னூர் வரை வந்துவிட்ட மலை ரயில், அருகிலேயே படைப்பாளையம் என்று ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலை கேட்கும் அனைத்தும் அங்கே இருந்தன. அதன் இயந்திரங்களுக்கு வேண்டிய மின்சாரம் காட்டேரி அருவியின் நீரிலிருந்து வந்தது. சென்னை மாகாணத்தின் மிகப் பெரும்பாலான ஊர்கள் மின்விளக்கைக் காணாத காலத்தில், நீலகிரியின் ஓர் அருவி மின்சாரமாகி வெடிமருந்தைப் பிசைந்து கொண்டிருந்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் வங்காளத்தின் இஷாப்பூரில் துப்பாக்கித் தொழிற்சாலை தோன்றியது. தோட்டாக்கள் டம்டமிலும் கிர்க்கியிலும் உருவாயின. ஆக, துப்பாக்கி வங்கத்தில், தோட்டா வங்கத்திலும் மராட்டியத்திலும், மருந்து நீலகிரியில். ஒரு சிப்பாய் விசையை அழுத்தும் கணத்தில் மட்டுமே இவை ஒன்றையொன்று சந்தித்தன.

அந்தச் சிப்பாயின் கையிலிருந்தது லீ-என்ஃபீல்டு. நம் ஊர்களில் 'த்ரீ நாட் த்ரீ' என்று இன்றும் சொல்லப்படும் .303 துப்பாக்கி. அதன் மேகசின் பத்துத் தோட்டாக்கள் கொண்டது. இதற்கு மூதாதையான லீ-மெட்ஃபோர்டிலும் தொடக்ககால லீ-என்ஃபீல்டிலும் அந்த மேகசின் ஒரு சிறு சங்கிலியால் துப்பாக்கியோடு பிணைக்கப்பட்டிருந்தது! சிப்பாய் அதைத் தொலைத்துவிடுவான் என்ற அச்சம், விலை அப்படி. அதோடு நில்லாமல், மேகசினுக்கு மேலே ஓர் இரும்புத் தகட்டையும் பொருத்தியிருந்தனர். அத்தகட்டை உள்ளே தள்ளிவிட்டால் மேகசினிலிருந்து தோட்டா ஏறாது. சிப்பாய் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட்டுச் சுட வேண்டும். மேகசினிலுள்ள பத்தும் நெருக்கடி வேளைக்கான சேமிப்பு, அதைத் திறக்க மேலதிகாரி ஆணையிட வேண்டும். கிடங்கு என்ற பழைய பொருளை அவர்கள் எவ்வளவு நேர்மையாகக் கடைப்பிடித்தனர் பாருங்கள். முதல் உலகப் போரின் நடுவில்தான் அந்தத் தகடு கைவிடப்பட்டது.

.303 தோட்டாவின் அடிப்பகுதியில் விளிம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். மேகசினுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் அமைய வேண்டும். மாறி அமைந்தால், முன்னே தள்ளப்படும் தோட்டா கீழிருப்பதையும் பற்றி இழுத்துச் சிக்கிக்கொள்ளும். பழைய பயிற்றுநர்கள் தோட்டா அடுக்குவதை ஒரு சடங்கைப் போலக் கற்றுத் தந்ததன் காரணம் இது.

அதே நாள்களில் நீலகிரியின் தேயிலைத் தோட்டத்துரைகளும் துப்பாக்கி வைத்திருந்தனர். லிட்டன் பிரபுவின் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. துரை விரும்பிய துப்பாக்கியை வாங்கலாம். அவன் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் காட்டுப்பன்றியை விரட்டத் தகரம் தட்டினார்கள். துரைகளின் வேட்டை மிகுந்து வரையாடும் கடமானும் அருகிப் போகவே, 1877-இல் அவர்களே வேட்டையை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் அமைத்தனர். 1879-இல் நீலகிரிக்கென வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. பின்னர் படையினரின் .303 தோட்டாவைப் பொதுமக்கள் கைகளுக்குத் தருவதற்கும் அரசு தடை விதித்தது. படைக்கிடங்கிலிருந்து திருடப்படும் தோட்டா வெளியே பயன்படக் கூடாது என்பது நோக்கம். ஆஸ்திரியத் தோட்டா ஒன்றின் வழிவந்த .315 துப்பாக்கி இந்திய உரிமதாரர்களின் துப்பாக்கியாக நிலைபெற்றதற்கு இத்தடையே காரணம். விடுதலைக்குப் பிறகும் இத்தடை நீங்கவில்லை; .315 இன்றும் விற்கப்படுகிறது. பேரரசு போய்விட்டது, அதன் அச்சம் தோட்டாவின் அளவாக இன்னும் நம்மிடையே இருக்கிறது.

புல்பப்புக்கு வருவோம். இவ்வடிவம் புதியதன்று. 1901-இலேயே இங்கிலாந்தில் தார்னிகிராஃப்ட் என்பவரின் துப்பாக்கி இவ்வமைப்பில் செய்து பார்க்கப்பட்டு, விலக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் ஈ.எம்.-2 என்ற புல்பப்பை உருவாக்கி 1951-இல் ஏற்கவும் செய்தது. ஆனால் அதன் .280 தோட்டாவை அமெரிக்கர் ஏற்கவில்லை. ஆட்சிக்குத் திரும்பிய சர்ச்சில் அதைக் கைவிட்டார். அதற்கு மாற்றாக பிரிட்டன் தழுவிக்கொண்டது பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல்.; அதன் வழியில் வந்ததே இந்தியாவின் எஸ்.எல்.ஆர். அந்த ஒரு முடிவு வேறுவிதமாக அமைந்திருந்தால், வெலிங்டனில் பயின்ற வீரர்களின் கையில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு புல்பப் இருந்திருக்கக்கூடும். வரலாற்றில் 'இருந்தால்' என்பதற்கு மதிப்பில்லை என்பது தெரிந்தும் இதை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

1962-இல் சீனப் போர் வந்தபோது இந்திய வீரர்கள் இமயத்தின் பனியில் .303-ஐ ஏந்தி நின்றனர். தோல்விக்குப் பிறகே வேகம் பிறந்தது. இஷாப்பூர் எஸ்.எல்.ஆர். செய்யத் தொடங்கியது, இடைக்கால ஏற்பாடாகப் பழைய லீ-என்ஃபீல்டையே 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றி, பன்னிரண்டு தோட்டா கொள்ளும் சதுரமான மேகசினோடு வெளியிட்டது. 1966-இல் திருச்சிராப்பள்ளியில் துப்பாக்கித் தொழிற்சாலை தொடங்கியது. நீலகிரியில் மருந்து, காவிரிக்கரையில் துப்பாக்கி என்ற நிலை தமிழகத்துக்கு வந்தது அப்போதுதான். எஸ்.எல்.ஆர். கனத்தது, நீண்டது, ஆனால் அதன் இருபது தோட்டா எஃகு மேகசினைக் குறைசொன்னவர் அரிது.

குறை சொல்லும் காலம் இன்சாஸோடு வந்தது. புனேயில் வடிவமைக்கப்பட்டு, இஷாப்பூர், கான்பூர், திருச்சி ஆகிய மூன்று ஊர்களிலும் உருவான 5.56 மில்லிமீட்டர் துப்பாக்கி இது. எத்தனை தோட்டாக்கள் எஞ்சியுள்ளன என்பதை வீரன் ஒரு பார்வையில் அறியட்டும் என்று, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் அதன் மேகசினைச் செய்தனர். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் என்னும் புகழ்பெற்ற புல்பப்பிலும் மேகசின் இப்படித்தான் இருக்கும். சிந்தனையில் பிழையில்லை. 1999 கோடையில் கார்கில் மலைமுகடுகளில் கடுங்குளிரில் அந்தப் பிளாஸ்டிக் விரிசல் விட்டது. மேகசினின் மேல்வாயில் தோட்டாவைப் பிடித்திருக்கும் இரண்டு உதடுகளில் ஒன்று சிறிது பிளந்தாலும் போதும். தோட்டா கோணலாக ஏறும், அல்லது ஏறவே ஏறாது. பதினாறாயிரம் அடி உயரத்தில் பாறையைப் பற்றி ஏறும் ஒருவனுக்கு அது என்ன பொருள்படும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2005-இல் நேபாளப் படையும் மாவோயிஸ்டுகளுடனான மோதலொன்றில் நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்த பின், இன்சாஸ் சரிவர இயங்கவில்லை என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டியது. இந்தியத் தரப்பு அதை மறுத்தது. இன்சாஸ் பிற்காலத்தில் பல திருத்தங்களைப் பெற்றது என்பதையும் சொல்வதே முறை. ஆனால் ஒரு துப்பாக்கியின் பெயர் கெடுவதற்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் விரிசல் போதுமானதாயிற்று.

இப்பின்னணியில்தான் 2002-இன் இறுதியில் சிறப்புப் படைகளுக்கென 3,070 டாவோர் துப்பாக்கிகளை வாங்க இஸ்ரேலுடன் ஒப்பந்தமாயிற்று. மதிப்பு ஏறத்தாழ 88 கோடி ரூபாய். டாவோர் என்பது தமிழ் விவிலியம் தாபோர் என்று குறிப்பிடும் மலையின் பெயர். சில நூறு துப்பாக்கிகள் 2005-இன் தொடக்கத்துக்குள் வந்து சேர்ந்தன. இந்தியச் சூழலில் அவற்றின் செயல்பாடு நிறைவளிக்கவில்லை என்று படை திருப்பிச் சொல்லிவிட்டது. திருத்தங்கள் செய்யப்பட்டு, 2006-இல் இஸ்ரேலில் நடந்த சோதனைகள் வெற்றி பெற்ற பின்னரே எஞ்சியவை ஏற்கப்பட்டன. வாங்கியதைத் திருப்பிச் சொல்லும் துணிவு அரசுக் கொள்முதலில் எளிதில் காணக் கிடைப்பதில்லை என்பதால், அந்த மூன்றாண்டுத் தாமதத்தை நாம் குறையாகக் கருதவில்லை. பின்னர் எக்ஸ்-95 என்ற, 580 மில்லிமீட்டரே நீளமுள்ள இளைய வடிவமும் வந்தது. கடற்படையின் மார்கோஸ், விமானப்படையின் கருடா, மத்திய ரிசர்வ் காவல் படையின் கோப்ரா ஆகிய பிரிவுகள் டாவோர் குடும்பத்தை ஏந்தின. படைக்கலத் தொழிற்சாலை வாரியம் 'ஜித்தாரா' என்ற பெயரில் உள்நாட்டு வடிவமொன்றையும் செய்துகாட்டியது.

டாவோர் தனக்கென்று ஒரு மேகசினைக் கோரவில்லை. அமெரிக்காவின் எம்-16 மேகசினே அதற்கும் பொருந்தும். நேட்டோ நாடுகள் 1980-இல் இதைப் பொது அளவாக்க ஒரு வரைவு எழுதின; அவ்வரைவு இறுதிவரை முறைப்படி ஏற்கப்படவே இல்லை. இருந்தும் உலகமே அதைப் பின்பற்றுகிறது. இன்சாஸின் மேகசினோ தனிவகை. இரண்டுக்கும் தோட்டாவின் அளவு ஒன்று; ஆனால் இன்சாஸ் வைத்திருப்பவன் தன் மேகசினை டாவோர் வைத்திருக்கும் தோழனிடம் வீசினால் அது பயன்படாது.

பொது அளவு என்பதும் வரமன்று. எம்-16-இன் மேகசின் மெல்லிய அலுமினியத்தால், சுட்டு முடித்ததும் எறிந்துவிடலாம் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. எடை நூறு கிராமுக்குச் சற்று மேல். கலாஷ்னிகோவின் எஃகு மேகசின் அதைப்போல மும்மடங்கு கனம். ஆனால் எந்தக் கணக்காளரும் மேகசினை எறிய விடுவதில்லை. தூக்கியெறியச் செய்த பொருளைப் பத்தாண்டுகள் பயன்படுத்தினால் உதடுகள் விரிகின்றன, விற்சுருள் தளர்கிறது. பிரான்சின் ஃபமாஸ் என்னும் புல்பப்புக்கும் இதே கதைதான். அதன் இருபத்தைந்து தோட்டா மேகசினும் ஒருமுறை பயனுக்கென்றே கருதப்பட்டது, வரவுசெலவுத் திட்டம் இடங்கொடாததால் வீரர்கள் அதையே திரும்பத் திரும்ப நிரப்பினர், துப்பாக்கி சிக்கியது, பழி துப்பாக்கியின்மேல் விழுந்தது. பிரிட்டன் 1985-இல் ஏற்ற எஸ்.ஏ.-80 புல்பப்போ இன்னும் பரிதாபம். நடக்கும்போது உடையில் உரசினாலே பிடி விடுபட்டு மேகசின் கீழே விழும். 1991 வளைகுடாப் போரின் மணலில் குறைகள் அம்பலமாயின. 2000-இல் தொடங்கி, ஜெர்மானிய நிறுவனமான ஹெக்லர் அண்டு காக் ஏறத்தாழ இரண்டு லட்சம் துப்பாக்கிகளைத் திருத்தியமைத்தது. அத்திருத்தத்தில் புதிய மேகசினும் அடக்கம்.

புல்பப்பில் மேகசினின் நம்பகம் மேலும் முக்கியமாவதற்குக் காரணம் அதன் இடம். வழக்கமான துப்பாக்கியில் சிக்கல் நேரும் இடம் கண்ணுக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. புல்பப்பில் அது கன்னத்துக்கடியில், அக்குளுக்கருகில். பழைய மேகசினை உருவிப் புதியதைச் செருகுவதற்குக் கையை மடக்கித் தேட வேண்டும். இருளில், குளிரில் விறைத்த விரல்களோடு அது கடினம். சிக்கிய தோட்டாவை நீக்குவதற்குத் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கியாக வேண்டும். ஆகவே புல்பப் வாங்குபவர் துப்பாக்கிக்குச் செலவிடும் கவனத்தைவிட மேகசினுக்குக் கூடுதலாகவே செலவிட வேண்டும்.

நல்ல மேகசினை எப்படி அறிவது? முதலில் பார்க்க வேண்டியவை உதடுகள்: இரண்டும் ஒரே இடைவெளியில், வளைவோ விரிசலோ இன்றி இருக்கின்றனவா என்பது. அடுத்தது தோட்டாக்களை மேலே தள்ளும் உள்தட்டு. அது ஒருபுறம் சாய்ந்தால் தோட்டாவும் மூக்கைக் கவிழ்க்கும். அமெரிக்கர்கள் இந்தத் தட்டை மட்டுமே கருப்பு, பச்சை, பழுப்பு என்று மூன்று தலைமுறையாக மாற்றினர். சாயாத பழுப்புத் தட்டு வந்தது 2009-இல். மூன்றாவது விற்சுருள், முப்பது கொள்ளும் மேகசினில் இருபத்தெட்டே நிரப்பும் வழக்கம் பல படைகளில் இருந்ததற்கு, முழுதாக நிரப்பினால் இறுகிப்போன சுருள் முதல் தோட்டாவைத் தர மறுக்கும் என்ற அனுபவமே அடிப்படை. நான்காவது வளைவு. தோட்டா அடிபருத்து நுனி சிறுத்திருப்பதால் அடுக்க அடுக்கத் தானே வளையும். கலாஷ்னிகோவின் மேகசின் அந்த வளைவுக்கு முழுமையாக இடங்கொடுக்கிறது; எம்-16-இன் முப்பது தோட்டா மேகசினோ மேற்பாதி நேராகவும் கீழ்ப்பாதி வளைந்தும் இருப்பதால், தோட்டாக்கள் நடுவழியில் திசைமாற வேண்டியிருக்கிறது. 2007-இல் மேக்புல் நிறுவனம் வெளியிட்ட வலுவான பாலிமர் மேகசின் இக்குறையை உள்வடிவத்தால் பெருமளவு தீர்த்தது. 2016-இல் அமெரிக்க மரைன் படை அதை முறையாக ஏற்றது. பிளாஸ்டிக் என்பதே குற்றமில்லை, எந்தப் பிளாஸ்டிக், எந்தக் குளிரில் சோதித்தது என்பதே கேள்வி.

எல்லாவற்றிலும் எளிய முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு மேகசின்மேலும் ஓர் எண்ணை எழுதிவைப்பது. துப்பாக்கி சிக்கும்போதெல்லாம் எந்த எண் செருகியிருந்தது என்று குறித்துக்கொண்டால், துப்பாக்கி குற்றவாளியா மேகசின் குற்றவாளியா என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். இதற்கு ஒரு தூரிகையும் சிறிது வண்ணமும் போதும்.

மேகசின் சரியாக இருந்தும் துப்பாக்கி சிக்குவதுண்டு; அங்கேதான் மீண்டும் அருவங்காட்டை நினைக்க வேண்டியிருக்கிறது. வியட்நாமில் 1965 முதல் 1967 வரை எம்-16 ஏந்திய அமெரிக்க வீரர்கள் பலர், திறந்து சரிசெய்ய முயன்ற துப்பாக்கியோடு இறந்து கிடந்தனர். அமெரிக்கப் பேராயத்தின் விசாரணைக் குழு 1967-இல் கண்டறிந்த முதன்மைக் காரணங்களில் ஒன்று, தோட்டாவின் மருந்தை மாற்றியது. குச்சிவடிவ மருந்துக்கேற்ப உருவான துப்பாக்கிக்கு உருண்டைவடிவ மருந்து தரப்பட்டது. சுடும் வேகம் கூடியது, கரி படிந்தது, தோட்டாக்கூடு அறையிலேயே ஒட்டிக்கொண்டது. துப்பாக்கியின் வரைபடத்தில் எந்த மாற்றமும் இல்லை. மருந்து பிசைபவர் கைபற்றித்தான் துப்பாக்கி நடக்கிறது. குன்னூர்ப் பள்ளத்தாக்கில் அமிலப் புகையிலும் அவ்வப்போது நேர்ந்த வெடிவிபத்துகளிலும் அவ்வேலையைத் தலைமுறைகளாகச் செய்துவந்தவர்களின் பெயர்கள் எந்தப் போர்வரலாற்றிலும் இல்லை.

தமிழ் பேசுவோரில் புல்பப்பை நன்கறிந்தவர்கள் யார் என்று கேட்டால், விடை இந்தியாவில் இல்லை என்றே நினைக்கிறோம். சிங்கப்பூர் 1999-இல் தானே வடிவமைத்த எஸ்.ஏ.ஆர்.-21 என்னும் புல்பப்பைத் தன் படைக்கு வழங்கியது. கட்டாய தேசிய சேவையில் சேரும் சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர் ஒவ்வொருவரும் மலாய் மொழிக் கட்டளைக்கு அடிபணிந்து அதைத் தோளில் ஏந்துகிறார். அதன் மேகசினும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்தான். பூமத்தியரேகை அருகே பனியின் கவலை இல்லை!

நீலகிரியில் வாழும் குடிமகன் ஒருவர் இத்தகைய துப்பாக்கியை வாங்க நினைத்தால் என்ன ஆகும்? 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடைசெய்யப்பட்ட படைக்கலத்தை வரையறுக்கும்போது, விசையை அழுத்தியிருக்கும்வரை அல்லது மேகசின் காலியாகும்வரை தொடர்ந்து சுடுவது என்று மேகசினையே அளவுகோலாக்குகிறது. தானியங்கி வகை மட்டுமின்றி, அரைத்தானியங்கித் துப்பாக்கிகளும் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டுப்படுத்தப்பட்ட பிரிவில் அடங்கும். ஆகவே இங்கே புல்பப்பை வாங்குபவர் அரசு ஒருவரே. தேர்வில் தவறினால் விலை கொடுப்பவர் மட்டும் வேறு.

அரசின் விருப்பமும் இப்போது மாறிவிட்டது. 2019 பிப்ரவரியில் 72,400 சிக்-716 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தமானது. 2021 டிசம்பரில் அமேதி மாவட்டம் கோர்வாவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே.-203 செய்ய ருஷ்யாவுடன் உடன்பாடு ஏற்பட்டது. இரண்டும் மேகசினை முன்னால் வைத்திருக்கும் பழைய அமைப்பின. பிரான்ஸ் ஃபமாஸை விட்டது, நியூசிலாந்து ஸ்டெயரை விட்டது, சீனாவும் தன் புல்பப்பை விட்டு 2019-இல் வழக்கமான அமைப்புக்குத் திரும்பியது. இந்தியாவில் டாவோர் சிறப்புப் படைகளோடு நின்றுவிட்டது. குவாலியருக்கு அருகே தனியார் தொழிற்சாலை ஒன்றில் அது உருவாகவும் செய்கிறது.

2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்துக்கும், அருவங்காடு புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்துக்கும் சென்றன. துப்பாக்கிக்கு ஒரு நிர்வாகம், மருந்துக்கு வேறொரு நிர்வாகம். மலை ரயில் மட்டும் இன்றும் வெலிங்டனைத் தாண்டி அருவங்காட்டில் நின்று, பின் கேத்தியை நோக்கி ஏறுகிறது.